முப்பத்தொன்பது டிக்

காலை ஏழு பத்து.
வேப்பனஹள்ளி கூட்ரோட்டில்
முதல் டிக் ஹேமாவதியுடையது.
சொல்லாமலே போட்டுக்கொள்வாள்,
போட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள்.
நான் பார்த்துவிட்டேன் என்று
அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த நிறுத்தத்தில்
ஒரே சொல்லை மூன்றாகச் சொல்கிறேன்.
போடு. பெட்டுகோ. ஹாக்கோ.
லோகித்துக்கு எந்தப் பாஷையிலும் காது கேட்காது,
ஜன்னலுக்கு வெளியே
எருமை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பெல்ட்டுக்கு அவர்களிடம் வேறு வேலைகள் உண்டு.
ஒருத்திக்கு அது பொம்மைக்குத் தூளி.
ஒருவனுக்குச் சாட்டை.
பக்கிளின் வாய்க்குள் போன வாரம்
புளியங்கொட்டை கிடந்தது,
கொண்டை ஊசியால் தோண்டி எடுத்தேன்.
கமர்கட் ஒட்டிய பட்டைகளைச்
சனிக்கிழமை வெந்நீர் வைத்துத் துடைத்தேன்.
அதற்குச் சம்பளம் இல்லை.

வயிற்றில் வேண்டாம், இடுப்பெலும்பில்.
முறுக்கிக்கொள்ளாதே.
பையை முதுகிலிருந்து கழற்று.
ஒரு பெல்ட்டுக்குள் இரண்டு பேர் கூடாது,
எவ்வளவு சிநேகிதமானாலும்.
இதைத் தூக்கத்திலும் சொல்கிறேனாம்,
வீட்டுக்காரர் எழுப்பிவிடுகிறார்.

குருபரப்பள்ளி தாண்டினால்
கிரானைட் லாரிகள் கூடவே வரும்.
ஒரு அறையளவு கல்.
அதற்கு இரண்டு சுற்றுச் சங்கிலி,
அடியில் மரக்கட்டை ஆப்பு.
டீக்கு நிறுத்தினால்கூட டிரைவர் இறங்கிச்
சங்கிலியைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான்
கடைக்குப் போகிறார்.
கல் அழாது.
கல்லுக்காக யாரும் சாயங்காலம்
ரோட்டோரம் நின்று
கழுத்தை நீட்டிப் பார்ப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பள்ளி விட்டுத் திரும்பும்போது,
மேலுமலை இறக்கத்தில்
முன்னே போன டெம்போவின் பின்கதவு திறந்து
ரோடு முழுக்க மாங்காய்.
திம்மராயண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார்.

டிபன் பாக்ஸ் பறந்தது.
வாட்டர் பாட்டில் பறந்தது.
ஒற்றை ஷூ, யாருடையதோ, பறந்தது.
எலுமிச்சைச் சாதத்தின் மீதி
முன்கண்ணாடியில் போய் ஒட்டியது.
பிள்ளைகள் பறக்கவில்லை.
எல்லோரும் ஒரு சாண் முன்னே சாய்ந்து
எல்லோரும் பின்னே வந்தார்கள்,
காற்றில் ராகிக் கொல்லை மாதிரி.

நந்தீஷ் மட்டும் பறந்தான்.

அவனிடமிருந்தும் டிக் கேட்டிருந்தேன்.
சத்தியமாகக் கேட்டேன்.
குத்துகிறதென்று
முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு
அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.
முன்சீட்டுக் கம்பியில் வாய்.
இரண்டு பல். உதட்டில் நான்கு தையல்.
"ஆடிக்கிட்டிருந்த பல்லுதான்க்கா" என்றான்.
அவன் எனக்கு ஆறுதல் சொல்லும்படி
இருந்திருக்கிறது என் முகம்.

அன்றிலிருந்து சத்தத்தை நம்புவதில்லை.
ஒவ்வொரு இடுப்பிலும் விரல்விட்டுப் பார்க்கிறேன்.
இரண்டு விரல் நுழையலாம்,
கை நுழையக்கூடாது.
ஏழு நிமிஷம் லேட் என்று
லோகித்தின் அப்பா கத்தினார்.
கத்தட்டும்.
அவர் பைக்கில் ஹெல்மெட்
டேங்க் மேல் உட்கார்ந்து வருகிறது.

நந்தீஷ் இப்போது
பக்கத்துச் சீட்டு சாதிக்கின் பட்டையை
இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.
பல் போன சந்து வழியே
"பெல்த், பெல்த்" என்று காற்று வருகிறது.
சாதிக் சிரிக்கிறான், ஆனால் போட்டுக்கொள்கிறான்.

கதவோரம் என்னுடைய மடக்குச் சீட்டுக்குப்
பெல்ட் கிடையாது.
ஆபீசில் எழுதிக் கொடுத்து மூன்று வாரம்.
பார்க்கலாம் என்றார்கள்,
நாளைக்கும் போய்க் கேட்பேன்.

எண்ணி முடித்து
முப்பத்தெட்டு என்கிறேன்.
திம்மராயண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி
தன்னுடையதை இழுத்துப் பூட்டுகிறார்.
முப்பத்தொன்பது.

கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு
விசில் ஊதுகிறேன்.